தாப்பாவில் இருந்த மெட்ராஸ்

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். காப்பி கொடுத்தீர்கள், கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினீர்கள். அங்கே முடித்த பாடம் இங்கே எதற்கு ஈடு, ஒரு நாட்டில் பாதி படித்தவர் பக்கத்து நாட்டில் மீதியைத் தொடரலாமா, எத்தனை புள்ளி கணக்கில் வரும் என்று எல்லாமே பெட்டி பெட்டியாக இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்கக் காப்பியில் சர்க்கரை அதிகம் என்று குறை சொல்லிவிட்டு வந்தேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி மேடம் பிள்ளைங்கள வெளிநாட்டுக்கு அனுப்பினீங்க?" படி இறங்கிக்கொண்டே சொல்கிற பதில் இல்லை அது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வேலையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்றை ஒழுங்காகச் சொன்னால் போதும்.

எழுபதுகளில் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஒரு சங்கம் நடத்திய மாணவர் ஆலோசனை நிலையம். கீழே மீன் பொரித்தால் மேலே நாங்கள் இருமுவோம். செயலாளர் ஒருவர், உதவியாளர் நான், அவ்வளவுதான் ஆள்கள். செயலாளர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். பொய் என்றால் ஆகாது அவருக்கு. போனில் யாராவது கூப்பிட்டு, "சார் இருக்காரா?" என்று கேட்கும்போது "இல்லை" என்று சொல்லச் சொன்ன முதலாளிகளைப் பார்த்திருப்பீர்கள். இவர் கழிவறையிலிருந்து, "இருக்கேன்னு சொல்லும்மா, வாரேன்" என்று குரல் கொடுப்பார்.

இங்கே பல்கலைக்கழகங்களில் இடம் குறைவு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. ஆகவே கடல் தாண்டி அனுப்புவோம். பெரும்பாலும் இந்தியாவுக்கு. ஐந்தாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு, முடித்தவர்கள் அங்கே போய் ஓராண்டு புகுமுக வகுப்புப் படித்து, பிறகு கல்லூரியில் சேருவார்கள். பினாங்கில் கப்பல் ஏற்றிவிடுவதோடு எங்கள் வேலை முடியும்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் மெட்ராஸைப் பார்த்ததில்லை. போக ஆசைப்பட்டவள்தான். இடமும் கிடைத்திருந்தது. அந்த ஆண்டு அப்பா படுத்துவிட்டார், வீட்டில் மூத்தவள் நான், அதோடு சரி. அந்த ஆசையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேலைக்குள் வைத்தேன். எந்தக் கல்லூரி வாசலில் எந்த பஸ் நிற்கும், எந்த விடுதியில் சோறு பரவாயில்லை, கடற்கரையில் மாலை எத்தனை மணிக்குக் காற்று வரும் என்று திரும்பி வந்தவர்களிடம் துருவித் துருவிக் கேட்டு வைத்திருந்தேன். புதிதாகப் போகிறவர்களுக்கு அதை நான் சொல்வதைக் கேட்டவர்கள் நான் அங்கேயே பிறந்தவள் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

தேவகி வந்தது எழுபதுகளின் கடைசியில். சிம்பாங் பூலாயைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டம். அப்பா இல்லை. அம்மா அங்கம்மா பால் வெட்டுக்குப் போகிறவர். பெண் ஐந்தாம் பாரத்தில் அறிவியலில் நன்றாகச் செய்திருந்தாள். அடுத்த இரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பான ஆறாம் பாரத்தில் இடம் கிடைத்தது, வேண்டாம் என்று விட்டாள். அதைப் படித்தாலும் இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயமில்லை, இந்தியா என்றால் நிச்சயம் என்பது அப்போது தோட்டங்களில் பேச்சு. மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரி வரச் சொல்லிவிட்டது. சங்கம் உதவியது, தோட்டமும் உதவியது.

அந்தத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறும் முதல் பெண் அவள். வழியனுப்பு விழா எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் பூசை, உறுமி மேளம், கிராணியின் பேச்சு. கிராணி என்றால் தோட்டத்து அலுவலகக் கணக்கர். பேச ஆரம்பித்தால் மைக் சூடாகும்வரை விடமாட்டார். "நம்ம தோட்டத்துப் பொண்ணு பட்டதாரியாத்தான் திரும்பி இந்த மண்ணுல கால் வைக்கும்" என்று முடித்தார். தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு ஒரு மாலை என்று போட்டு, பெண்ணின் முகமே தெரியவில்லை. பினாங்கு வரை ஒரு பஸ் நிறைய ஆள்கள். நானும் கூட்டத்தில் நின்று கை தட்டினேன். அவளைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று தகப்பன்மார்கள், வெட்டுக்காட்டுக்கு அனுப்ப இருந்த தங்கள் பெண்களைப் பள்ளியில் தொடரவிடச் சம்மதித்தார்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டு மாதத்தில் தந்தி வந்தது. வீட்டுக்கு அல்ல, எங்களுக்கு. திரும்பி வருகிறேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம், கப்பல் இன்ன நாள் பினாங்கு வரும். அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். அங்கே அந்த ஆண்டு படிப்பு முறையை மாற்றிவிட்டார்கள். புகுமுக வகுப்பு எடுபட்டுப்போனது. அதற்குப் பதில் பள்ளியிலேயே பிளஸ் டூ என்று இரண்டு ஆண்டு. நம் ஐந்தாம் பாரம் பதினோரு ஆண்டுப் படிப்பு. போன ஆண்டு வரை கல்லூரி வாசலைத் திறந்த அதே சான்றிதழ், இந்த ஆண்டு பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தப் பள்ளிகளிலும் சேர்க்கை முடிந்துவிட்டது. கல்லூரி அவளை வரச் சொன்னது மாற்றத்துக்கு முன்பு. அவள் போய் இறங்கியது மாற்றத்துக்குப் பின்பு. நடுவில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு நாட்டுப் படிப்பை ஈடு பார்ப்பது வருடங்களைக் கூட்டிக் கழிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கத்தில் ஒரு வகுப்பை எடுத்துவிட்டால் மறுபக்கத்தில் ஒரு பிள்ளை கப்பலில் நிற்கும்.

செயலாளரும் நானும் பினாங்கு போனோம். இறங்கி வந்தவளிடம் அழுகை இல்லை. கப்பலிலேயே அழுது முடித்திருக்க வேண்டும்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றார் செயலாளர்.

"வீட்டுக்கு வரமாட்டேன் சார்."

"அம்மா இருக்காங்கள்ல?"

"அம்மா மட்டும் இருந்தா வந்துருவேன். இத்தன மாலை போட்டாங்களே. கப்பல் ஏறின பொண்ணு ரெண்டு மாசத்துல திரும்பிட்டான்னா, படிப்பு முறை மாறிருச்சுன்னா நம்புவாங்க? வேற என்னமோன்னுதான் பேசுவாங்க. அம்மா தண்ணி பிடிக்கப் பைப்படிக்குப் போக முடியாது. என்னால படிக்கப் போற பிள்ளைங்களையும் நிறுத்திருவாங்க."

என்னைப் பார்த்தாள். "அக்கா, எனக்குப் படிக்கணும். அத மட்டும் பாருங்க."

அவள் சொன்னது அத்தனையும் சரி. கெட்டது நடந்து திரும்பியிருந்தால்கூட மறைத்துவிடலாம். எதுவுமே நடக்காமல் திரும்பி வந்த பெண்ணை அந்தக் காலத்தில் எந்த லயமும் நம்பாது. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டால் அடுத்த தை மாதம் யாராவது ஒருவனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள், படிப்பு அதோடு முடிந்தது.

கப்பல் ஜெட்டிக்கு எதிரே ஒரு கடையில் அவளைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவரும் வெளியே நின்று பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்கு. சண்டை போட்டோம். எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஆறாம் பாரம் தொடங்கி அதிக நாள் ஆகவில்லை. எங்காவது ஒரு பள்ளியில் கெஞ்சிச் சேர்த்துவிட்டால், முடித்த பிறகு அது அங்கே பிளஸ் டூவுக்கு ஈடாக நிற்கும். நேராகக் கல்லூரிக்கே போகலாம். ஆனால் ஈப்போவில் வேண்டாம், தோட்டத்து ஆள்கள் வந்துபோகிற ஊர். கொஞ்சம் தள்ளி, தாப்பாவில். தோட்டத்துக்கு அவள் இந்தியாவில் இருப்பதாகவே இருக்கட்டும்.

"பொய் சொல்லி ஒரு பொண்ண ஒளிச்சு வைக்கிறதா? நான் வரல" என்றார் செயலாளர்.

"பொய் சொல்ல வேணாம் சார். யாரும் கேட்டா சும்மா இருங்க."

"பெத்தவளுக்குத் தெரியாம ஒரு நாள்கூட வைக்க முடியாது. அது என்னால ஆகாது."

அதில் அவர் அசையவில்லை. நான் அப்போது அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று மனதுக்குள் திட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, அந்த ஒரு பிடிவாதம் இல்லாவிட்டால் நாங்கள் செய்தது ஆள் கடத்தல் மாதிரி ஆகியிருக்கும். அம்மாவுக்குச் சொல்வது, முடிவை அம்மாவே எடுப்பது, தோட்டத்துக்கு அம்மா விரும்பினால் சொல்வது என்று ஒத்துக்கொண்டோம். அவசரமான நேரத்தில் கூட இருப்பவர் காலை வாருவதாகத் தோன்றும். கொஞ்சம் நின்று கேளுங்கள்.

லயத்தில் வைத்து இதைப் பேச முடியாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். நான் போய் இறங்கியதுமே "மெட்ராஸ்ல பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு பாதி லயம் கூடிவிட்டது. ஆபீசில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லி அங்கம்மாவை ஈப்போவுக்கு அழைத்து வந்தேன். பஸ்ஸில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடிப்படி ஏறி வந்தவர், என் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

பக்கத்தில் போகவில்லை. வாசலிலேயே நின்று, நடந்ததை எல்லாம் நான் சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு மகளைப் பார்த்து, "ஏன் என்கிட்ட நேரா வரல நீ?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். தேவகி அப்போதுதான் அழுதாள்.

செயலாளர் தாப்பா யோசனையை எடுத்துச் சொன்னார். வீட்டுக்கு அழைத்துப் போவதென்றால் தானே தோட்டத்துக்கு வந்து கோயிலில் நின்று விளக்குவதாகவும் சொன்னார். அங்கம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தாப்பாவுக்கு பஸ் எங்க சார் நிக்கும்?" என்று கேட்டார். அதுதான் அவர் முடிவு.

தாப்பாவில் ஆறாம் பாரம் இருந்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் எங்கள் செயலாளரின் பழைய நண்பர். காலம் கடந்து வந்தவளை அரை மனதோடு சேர்த்துக்கொண்டார். தங்குவதற்குச் செயலாளரின் அக்கா வீடு. தாதியாக இருந்து ஓய்வு பெற்ற விதவை. சாப்பாட்டுக்கு முன்னால் செபம் சொல்லுவார், தேவகி கண்ணை மூடிக்கொண்டு முருகனை நினைப்பாள். இருவருக்கும் ஒத்துப்போனது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கம்மா மகளைப் பார்க்கப் போவார். மகளுடைய கடுதாசியெல்லாம் ஈப்போ ஆபீசுக்குத்தான் வருகிறது, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தோட்டத்தில் சொல்லிவைத்திருந்தார். அதற்கு ஏற்றாற்போல் ஈப்போ பஸ்ஸில்தான் ஏறுவார். சிம்பாங் பூலாயில் இறங்கி, சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று தாப்பா பஸ்ஸைப் பிடிப்பார். இந்தத் தந்திரத்தை அவருக்கு நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்க்கிற இடம் தாப்பா பஸ் நிலையம்தான். அங்கே ஒரு பலகை பெஞ்சு. கேமரன் மலைக்குப் போகிற கூட்டத்தில் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்து பேசுவதை யார் கவனிக்கப் போகிறார்கள்.

ஊர் திரும்பினால் பைப்படியில் கேட்பார்கள், "மக என்ன சொல்லுது?" அங்கம்மாவுக்கு வாய் நிறையச் சேதி இருக்கும். அன்று காலை பார்த்ததை எல்லாம் அப்படியே மெட்ராஸில் வைத்துச் சொல்லுவார். பிள்ளை கொஞ்சம் இளைத்திருக்கு. கணக்கு வாத்தியார் கெடுபிடியாம். தங்கியிருக்கிற வீட்டு அம்மா தங்கமானவங்க, ஆனா ரசத்துல காரமே இல்ல. ஒரு தடவை, "அங்க சாயங்காலமானா மழை, ஒரே குளிராம்" என்று சொல்லிவிட்டார். தாப்பாவில் மலையிலிருந்து இறங்குகிற குளிர் அது. கிராணி கோயில்களைப் பார்க்க மெட்ராஸ் போய் வந்தவர்.

"மெட்ராஸ்ல குளிரா? எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்துச்சு அங்கம்மா."

"நீங்க வெயில் காலத்துல போயிருப்பீங்க, ஐயா" என்றாராம் அங்கம்மா. கிராணி ஒத்துக்கொண்டார். இன்னொரு முறை அவர், "நாலு வருஷப் படிப்புன்னுதான சொன்னாங்க, எப்ப முடியும்?" என்று கேட்டபோது, "அந்த ஊர்ல படிப்ப நீட்டிட்டாங்க லா, ஒரே சுசா, ஒரே தொல்ல" என்று சலித்துக்கொண்டாராம். மெட்ராஸைப் பற்றிச் சொன்னதிலேயே அது ஒன்றுதான் நிஜம்.

எங்களிடம் வந்து இதையெல்லாம் சொல்லும்போது அங்கம்மா சிரிப்பார். செயலாளர் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவார்.

தேவகிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் அவளைப் பார்க்கப் போனபோது சொன்னாள். தோட்டத்துக் கால்பந்துக் குழு தாப்பாவுக்கு விளையாட வந்ததாம். லாரி பள்ளிக்கு முன்னாலேயே நின்றிருக்கிறது. தெரிந்த முகங்கள், பக்கத்து வீட்டு அண்ணன்கள், பின்னால் தொற்றிக்கொண்டு வந்த பெண்கள். அவள் கடைவரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவர்கள் ஐஸ் தண்ணீர் குடித்து, சத்தம் போட்டு, லாரி ஏறிப் போகும்வரை நின்றிருக்கிறாள்.

"பயந்துட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"மொதல்ல பயமாத்தான்க்கா இருந்துச்சு. அப்பறம் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கலியேன்னு இருந்துச்சு. பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வீடு. ஆனா நான் இந்தியாவுல இருக்கேன்."

அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "தப்பு இல்லக்கா. நான்தான கேட்டேன்" என்றாள். அன்று திரும்பும் பஸ்ஸில் எனக்கு மனசே சரியில்லை. இன்றும் தாப்பா வழியாகப் போனால் அந்தக் கடைவரிசையைப் பார்க்காமல் இருக்கமுடிவதில்லை. தூரம் போனவர்களுக்குத்தான் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே இருந்து போக முடியாமல் இருப்பது அதைவிடப் பொல்லாதது.

அந்த இரண்டு ஆண்டுக்குள் எங்கள் அலுவலகத்தில் இரண்டு பழக்கங்கள் வந்துவிட்டன. அனுப்பும்போது மாலை போட வேண்டாம், வந்தபிறகு எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள் என்று குடும்பங்களிடம் சொல்லிவிடுவேன். எத்தனையோ பேர் என்னோடு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார்கள். என்னைப் பற்றி ராசியில்லாதவள் என்றுகூடப் பேச்சு வந்தது. வந்தால் வரட்டும். இன்னொன்று, ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்பேன்: போன இடத்தில் கதவைச் சாத்திவிட்டால் நீ எங்கே திரும்பி வருவாய்? இதற்குப் பதில் இல்லாத பிள்ளையை அனுப்பமாட்டேன். உங்கள் திரையில் அந்தக் கேள்விக்கு ஒரு பெட்டி இருப்பதாகத் தெரியவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேவகி ஆறாம் பாரம் நன்றாகவே முடித்தாள். இந்த முறை நாங்கள் அந்தக் கல்லூரியைச் சும்மா விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, இந்த ஆண்டு, இந்தச் சான்றிதழ், நேராகப் பட்டப்படிப்பு என்று தெளிவாக வந்த பிறகுதான் கப்பலுக்கு ஏற்பாடு செய்தோம்.

அதே பினாங்கு ஜெட்டி. முதல் தடவை ஒரு பஸ் ஆள்கள். இந்தத் தடவை அவள், அம்மா, நான். செயலாளருக்கு அன்று உடம்பு முடியவில்லை. தோட்டத்தைப் பொறுத்தவரை அவள் போய் இரண்டு ஆண்டு ஆகிவிட்டதே, யாரைக் கூப்பிடுவது. மேளம் இல்லை, பேச்சு இல்லை. சுற்றிலும் மற்ற குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தன. அங்கம்மா அந்த மாலைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வைத்த பழக்கத்தின் மேல் அன்று எனக்கே வெறுப்பாக இருந்தது.

தேவகி காலில் விழுந்து எழுந்தாள். அங்கம்மா அவள் தோள்பையின் வாரைச் சரி செய்தார்.

"போர்வை எடுத்துக்கிட்டியா? அங்க குளிரும்."

"மெட்ராஸ்ல குளிராதும்மா" என்றாள் தேவகி.

அங்கம்மா ஒரு நிமிடம் விழித்தார். பிறகு மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள், அவள் ஏறிப் போய்விட்டாள்.

பட்டம் வாங்கினாள், திரும்பி வந்தாள், தோட்டத்து மண்ணில் பட்டதாரியாகவே கால் வைத்தாள். கிராணி அழுதே விட்டார். தோட்டத்துக்கு இந்த விஷயம் கடைசிவரை தெரியாது. இப்போது அந்தத் தோட்டமும் இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. இதை எழுதலாமா என்று தேவகியிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா, அம்மாவப் பத்தி நல்லா எழுதுங்க" என்றாள். ஆகவே அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

தேவகி கப்பல் ஏறிச் சில மாதம் கழித்து, கிராணி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"தங்கச்சி, மறைக்காம சொல்லுங்க. மெட்ராஸ்ல பிள்ளைக்கு ஏதும் ஆயிருச்சா?"

"ஒண்ணும் இல்லையே அண்ணே. நல்லா இருக்கு. ஏன்?"

"முன்னெல்லாம் அங்கம்மா வாய் ஓயாம மகளப் பத்திச் சொல்லும். நேர்ல பார்த்த மாதிரி சொல்லும். இப்ப கேட்டா, நல்லாத்தான் இருக்குன்னுட்டு குடத்தத் தூக்கிக்கிட்டுப் போயிருது. லயத்துல எல்லாரும் பயந்துபோயி இருக்காங்க."

அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஈப்போ ஆபீசுக்குக் கடுதாசி கேட்கப் போயிருக்கிறார் என்றார்கள். எங்கள் அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை. எனக்குப் புரிந்துவிட்டது. சிம்பாங் பூலாய்க்கு வந்து, சாலையைத் தாண்டி நின்று, தாப்பா பஸ்ஸைப் பிடித்தேன்.

அதே பலகை பெஞ்சு. மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, நகர்ந்து இடம் விட்டார்.

"என்ன அக்கா, இங்க?"

"சும்மாதாம்மா. மாசா மாசம் வந்து பழகிப்போச்சு. ஞாயித்துக்கெழம வீட்ல இருக்க முடியல."

மலைக்குப் போகிற பஸ் கிளம்பியது. அங்கம்மா புகைக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"அவ இங்க இருக்கச்ச எனக்கு எவ்ளோ சேதி இருந்துச்சு" என்றார். "நகம் வெட்டாம இருந்தாக்கூடச் சொல்லுவேன். இப்ப நெசமாவே அங்க போயிட்டா. கடுதாசி வருது, நல்லாயிருக்கேன், நீ நல்லாயிருக்கியான்னு. அத வச்சுக்கிட்டு நான் பைப்படியில என்னத்தச் சொல்றது? என்ன சாப்பிடுறா, எப்படி நடக்குறா, ஒண்ணும் தெரியல. பொய்யா இருந்தப்ப என் பிள்ள பக்கத்துல இருந்துச்சு தங்கச்சி."

சான்றிதழை ஈடு பார்த்தோம், பாடத்தை ஈடு பார்த்தோம், ஆண்டுகளை ஈடு பார்த்தோம். இதற்கு எதை ஈடு வைப்பது?

என்னிடம் இருந்தது ஒன்றுதான். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் விடுதி மணி அடிக்கும் அக்கா, அதற்கு முன்னாலேயே எழுந்து தண்ணீர் பிடித்து வைத்துவிடவேண்டும். இட்லிதான், வாரத்தில் இரண்டு நாள் பொங்கல். கல்லூரி வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் நிழலில் கொய்யாப்பழம் விற்கிற ஒரு கிழவர். மிளகாய்த்தூள் போட்டுக் கொடுப்பார். சனிக்கிழமை பிள்ளைகள் சேர்ந்து கடற்கரைக்குப் போவார்கள். அங்கம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கொய்யாப்பழம் என்றதும், "அவளுக்குப் பிடிக்கும்" என்றார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. நாளைக்குப் பைப்படியில் சொல்வதற்கு மனதுக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறார் என்று தெரிந்தது.

தோட்டத்துப் பக்கம் போகிற பஸ் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்க எந்த வருஷம் தங்கச்சி அங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

எத்தனையோ பேர் கேட்டு, நான் சிரித்து மழுப்பிய கேள்வி. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மழுப்ப முடியவில்லை.

"நான் போனதே இல்லக்கா. போகணும்னு ரொம்ப ஆசப்பட்டேன். முடியல."

அவர் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார். பஸ் கிளம்பிப் போயிற்று. என் கையை எடுத்துத் தன் துணிப்பையின் மேல் வைத்துக்கொண்டார்.

"பரவால்ல, சொல்லுங்க" என்றார். "நானும் ரெண்டு வருஷம் பார்க்காமத்தான சொன்னேன். சாயங்காலம் கடக்கரைல காத்து எப்படி இருக்கும்?"